சாத்துக்குடித் தோலில் இருந்து நார்ச்சத்துப் பொடி: காயவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை

சாத்துக்குடியைப் பிழிந்தால் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சும். நாளுக்கு 100 கிலோ பழம் ஓடும் ஜூஸ் யூனிட் என்றால் 50 கிலோ கழிவு. பெரும்பாலும் அது குப்பை வண்டிக்குப் போகிறது. விவரம் தெரிந்த சிலர் வெயிலில் காயவைத்து அரைத்து, 'ஃபைபர் பவுடர்' என்று பாக்கெட் போடுகிறார்கள். அந்தப் பொடி குளியல் பொடிக்குச் சரி. பிஸ்கெட்டிலோ ரொட்டியிலோ போட்டுப் பார்த்தால் கசப்பு முதலில் வரும், பழுப்பு நிறம் அடுத்து வரும், தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் குணம் மட்டும் வரவே வராது.

காரணம் எளிது. பச்சைத் தோலில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். மீதமுள்ள திடப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை. அதோடு கசப்புப் பொருட்கள், தோல் எண்ணெய், கொஞ்சம் புரதம், கொஞ்சம் உப்புகள். பெக்டின், செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்று நாம் தேடும் நார்ச்சத்து இவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும். சர்க்கரையும் கசப்பும் எண்ணெயும் செறிந்து அப்படியே நிற்கும். நார்ப்பொடி வேண்டுமென்றால் காயவைப்பதற்கு முன்பே அவற்றைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இந்தத் தொழிலில் டிரையர் விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பொடியின் தரம் தீர்மானமாவது கழுவும் தொட்டியில்.

இங்கே சொல்லும் அளவுகள் 20 கிலோ பச்சைத் தோலுக்கு. ஒரு நாளில் இரண்டு பேர் முடிக்கக்கூடிய அளவு இது. கடைசியில் கைக்கு வருவது 2.3 முதல் 2.6 கிலோ பொடி. இதற்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சர்க்கரை சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

தோல் எங்கே, எப்படி வாங்குவது

தமிழ்நாட்டுச் சந்தைக்கு வரும் சாத்துக்குடியில் பெரும்பகுதி ஆந்திராவின் அனந்தபுரம், தெலங்கானாவின் நல்கொண்டா பக்கத்துச் சரக்கு. நம் ஜூஸ் கடைகளில் பெரும்பாலும் கத்தியால் தோலைச் சுருள் சுருளாகச் சீவிவிட்டுப் பழத்தை மட்டும் மெஷினில் போடுவார்கள். ஆகவே கழிவு இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று, மேல் தோலும் அதன் அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சும். இன்னொன்று, சுளைத் தோலும் விதையும் கலந்த சக்கை. முதல்முறை செய்பவர்கள் சீவிய தோலை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. சக்கையிலும் நல்ல நார் இருக்கிறது, ஆனால் கசப்பின் இருப்பிடமும் அதுதான். சாத்துக்குடி ஜூஸைப் பிழிந்த உடனே குடித்தால் இனிக்கும், இரண்டு மணி நேரம் வைத்தால் கசக்கும். விதையிலும் சுளைத் தோலிலும் கசப்பில்லாத வடிவில் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் புளிப்பு பட்டதும் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதால் வரும் வினை இது. சக்கையைச் சேர்ப்பதாக இருந்தால் விதையை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். அரைபட்ட ஒரு பிடி விதை போதும், மொத்தப் பொடியும் வீண்.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழத்தைச் சீவுவதற்கு முன் கழுவ வேண்டும். சீவிய பின் தோலைக் கழுவினால் மேலே ஒட்டிய மருந்தும் தூசியும் வெள்ளைப் பஞ்சுக்குள் இறங்கிவிடும். 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் என்றால் லிட்டருக்கு 2.5 மில்லி போட்டால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) ஆகும். அதில் முழுப் பழத்தை ஐந்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். மெழுகு பூசிய இறக்குமதி ஆரஞ்சுத் தோல் வேண்டவே வேண்டாம். இரண்டாவது, தோலுக்குத் தனிக் கிரேட். ஸ்ட்ரா, பால், ஐஸ், மாதுளைச் சக்கை எல்லாம் விழும் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி எடுத்தது உணவுக்கு ஆகாது. மூன்றாவது நேரம். நம் ஊர் வெயிலில் குவித்து வைத்த தோல் நாலைந்து மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். கையை விட்டுப் பார்த்தால் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், கள் வாடை அடிக்கும். அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சாக்கில் கட்டாமல், காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் வைத்தால் காலையில் சீவியதை மதியம்வரை வைத்துக்கொள்ளலாம்.

கமலா ஆரஞ்சுத் தோல் மெல்லியது, எண்ணெய் அதிகம், நார் குறைவு. எலுமிச்சைத் தோல் நன்றாகவே வேலை செய்யும். பம்பளிமாஸ், நார்த்தங்காய், கிடாரங்காய் இவற்றைச் சேர்க்காதீர்கள். கசப்பு கட்டுக்கடங்காது. பம்பளிமாஸ் இனத்தில் சில மாத்திரைகளின் வேலையையே மாற்றிவிடும் பொருட்களும் உண்டு.

என்னென்ன வேண்டும்

50 லிட்டர் ஸ்டீல் பாத்திரமும் அதற்குள் இறங்கும் துளையிட்ட ஸ்டீல் கூடையும், 100 லிட்டர் கழுவும் தொட்டி ஒன்று, காய் நறுக்கும் மெஷின் அல்லது நல்ல கத்தியும் பொறுமையும், தெர்மாமீட்டர், தராசு, காடாத்துணிப் பைகள், பன்னீர் அல்லது டோஃபு அழுத்தும் ஜாக்கி பிரஸ், 12 தட்டு டிரே டிரையர், ஸ்டீல் பல்வரைசர் (பொடியாக அரைக்கும் மெஷின்), 60 மெஷ் சல்லடை (ஒரு அங்குலத்துக்கு 60 கண்; எண் கூடக் கூடப் பொடி நைஸாகும்). இவற்றோடு, தண்ணீரில் கரைந்துள்ள சர்க்கரை எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு கையடக்க பிரிக்ஸ் மீட்டர். இதை ஆடம்பரம் என்று நினைத்துத் தவிர்க்காதீர்கள். கழுவல் முடிந்ததா இல்லையா என்று நாக்கை விட நேர்மையாகச் சொல்வது அதுதான்.

பாத்திரங்கள் எல்லாம் உணவுத் தர ஸ்டீலாக இருக்கட்டும். இரும்புச் சட்டி, துருப்பிடித்த கத்தி பட்டால் தோல் கருக்கும். தெர்மகோல் பெட்டியில் தோலை வைத்தால் தோல் எண்ணெய் தெர்மகோலையே கரைத்துவிடும்.

நறுக்கல்

6 முதல் 8 மில்லிமீட்டர் துண்டுகள். இந்த அளவு ஏனோதானோவென்று சொன்னதில்லை. விரல் நீளச் சுருளாக விட்டால் நடுவில் உள்ள சர்க்கரை வெளியே வர நேரம் போதாது. மிக்ஸியில் அடித்துக் கூழாக்கினால் பெக்டின் வெளிப்பட்டுக் கொழகொழவென்று ஆகி, துணிப்பையின் கண்களை அடைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை டன் ஜாக்கி வைத்தாலும் ஒரு சொட்டு இறங்காது.

நறுக்குவதற்கு முன், முடிந்தால் மேல் மஞ்சள் படலத்தைச் சீவியால் லேசாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பைகள் எல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. சுரண்டியது கேக் கடைக்கு வாசனைக்காக விற்கும். சுரண்டாமலும் செய்யலாம். பொடியில் ஆரஞ்சு மிட்டாய் வாசனை கொஞ்சம் தங்கும், பிஸ்கெட்டுக்கு அது குறையும் ஆகாது.

கொதிநீரில் முக்கல்

20 லிட்டர் தண்ணீரை 95 டிகிரிக்குக் கொண்டுவந்து, 5 கிலோ துண்டுகளைக் கூடையோடு இறக்குங்கள். வெப்பம் 80 டிகிரியை ஒட்டி இறங்கும். தீயைக் கூட்டி 85 தாண்டியதும் நேரம் எண்ணத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம். எடுத்து வடித்துவிட்டு அடுத்த 5 கிலோ. இரண்டு ஈடுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மொத்தம் நான்கு ஈடு, 40 லிட்டர்.

இந்த ஐந்து நிமிடத்தில் நடப்பவை மூன்று. தோலைப் பழுப்பாக்கும் நொதிகளும் பெக்டினைச் சிதைக்கும் நொதிகளும் செயலிழக்கின்றன. எண்ணெய்ப் பைகள் வெடித்து எண்ணெயில் ஒரு பகுதி ஆவியோடு போகிறது. கிருமிகள் பெருமளவு குறைகின்றன. அந்த ஆவியில் தோல் எண்ணெயின் முக்கியப் பொருளான லிமோனீன் (கசக்கும் லிமோனின் வேறு) இருக்கும், அது தீப்பற்றக்கூடியது. மூடிய அறையில், புகைபோக்கி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

ஐந்து நிமிடம் நல்லது என்றால் இருபது நிமிடம் இன்னும் நல்லது என்று நினைப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. தோல் இயல்பாகவே புளிப்புள்ளது. புளிப்பும் நீண்ட சூடும் சேர்ந்தால் பெக்டின் கரைந்து தண்ணீரோடு போய்விடும். ஜாம் கெட்டியாவது இந்த வேதியியலால்தான். இங்கே நமக்கு அது நஷ்டம், ஏனென்றால் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தியில் பெரும்பங்கு பெக்டினுடையது. தோலை முக்கி எடுத்த தண்ணீர் ஆறியபின் விரலிடையில் நூல்போல வழிந்தால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் ஆசிடோ இதில் சேர்க்கவே வேண்டாம்.

கழுவல்

முக்கி எடுத்த தோல் முழுவதையும் தொட்டியில் கொட்டி 40 லிட்டர் தண்ணீர் விடுங்கள். வெதுவெதுப்பாக, 35 டிகிரி இருந்தால் நல்லது. 20 நிமிடம், அவ்வப்போது ஸ்டீல் கரண்டியால் கிளறிவிட வேண்டும். வடித்துவிட்டு மறுபடி 40 லிட்டர். மொத்தம் மூன்று முறை. முதல் கழுவல் நீரில் பிரிக்ஸ் மீட்டர் 1.5 முதல் 2 வரை காட்டும், இரண்டாவதில் 0.5 சுற்றி நிற்கும், மூன்றாவதில் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டாது. மூன்றாவதிலும் 0.5க்கு மேல் இருந்தால் துண்டுகள் பெரிதாக இருக்கின்றன அல்லது வடிப்பது போதவில்லை. பிரிக்ஸ் சரியாக இருந்தும் நாக்கில் கசந்தால் இன்னொரு கழுவல் தேவை, இந்த முறை 50 டிகிரி வெந்நீரில்.

தண்ணீர்ச் செலவு பயமுறுத்துகிறதா? முதல் கழுவலுக்குப் பிறகு தோலைத் துணியில் கட்டி மிதமாக ஒருமுறை பிழிந்துவிட்டால், பெரும்பாலும் மூன்றாவது கழுவல் தேவைப்படாது. தோலில் தங்கும் இனிப்புத் தண்ணீர் குறைவதால் வரும் ஆதாயம் அது. ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஓட்டுபவர்கள் ஒரு ஈட்டின் மூன்றாம் கழுவல் நீரை அடுத்த ஈட்டின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே நாளுக்குள். இரவு தாண்டிய தண்ணீர் புளித்துவிடும்.

போர் தண்ணீர் உபயோகிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை மிக்கது. அதில் உள்ள கால்சியம் பெக்டினோடு பிணைந்து தோலை விறைப்பாக்கும். பிழிவதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் உலர்ந்த பொடி பிறகு தண்ணீரில் சரியாக உப்பாது. முதல் இரண்டு கழுவலைப் போர் தண்ணீரில் முடித்து, கடைசி ஒன்றை ஆர்.ஓ. தண்ணீரில் செய்தால் ஓரளவு ஈடுகட்டலாம். கடினத்தன்மை அதிகம் உள்ள ஊரில் முக்குவதையும் ஆர்.ஓ. தண்ணீரில் செய்வது நல்லது.

பிழிதல்

கழுவி வடித்த தோல் உப்பிப்போய் 18 கிலோ அளவு இருக்கும். அதில் திடப்பொருள் இரண்டரை கிலோதான், மீதி தண்ணீர். இப்படியே டிரையரில் வைத்தால் 15 கிலோ தண்ணீரை மின்சாரத்தால் ஆவியாக்க வேண்டும். சிறிய டிரே டிரையரில் ஒரு கிலோ தண்ணீர் போக்க 1.3 யூனிட் செலவு என்று வைத்தால் 20 யூனிட். பிழிந்து 10.5 கிலோவுக்குக் கொண்டுவந்தால் போக்க வேண்டியது 8 கிலோவுக்கும் குறைவு, 10 யூனிட் போதும். டிரையர் நேரமும் அதற்கேற்பச் சுருங்கும். லாபம் இருப்பது இந்த இடத்தில்.

காடாத்துணிப் பையில் 3 கிலோ வீதம் கட்டி, பைகளுக்கு நடுவே துளையிட்ட ஸ்டீல் தட்டு வைத்து அடுக்குங்கள். ஜாக்கியை மெதுவாக ஏற்ற வேண்டும். கைப்பிடியை இரண்டு முறை அடித்து ஐந்து நிமிடம் காத்திருப்பு, மறுபடி இரண்டு முறை. ஒரேயடியாக ஏற்றினால் வெளிப்பக்கத் தோல் அழுந்தி அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் சிறைப்பட்டுவிடும், பையும் கிழியும். அரை மணி நேரத்தில் வேலை முடியும். சரியாகப் பிழிந்த தோலை உள்ளங்கையில் இறுக்கித் திறந்தால் உருண்டையாக நின்று, தட்டினால் உதிரும். விரலிடுக்கில் நீர் கசிந்தால் இன்னும் பிழிய வேண்டும்.

ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு ஆலைகளில் தோலில் சுண்ணாம்பு கலந்து பிழிந்து மாட்டுத் தீவனம் ஆக்குவது நெடுநாள் வழக்கம். பச்சைத் தோலின் எடையில் அரை சதவீதத்துக்குள் சுண்ணாம்பு போட்டாலே தண்ணீர் தனியாகக் கழன்றுகொள்ளும். தீவனத்துக்கு அது சரி. மனிதர் உண்ணும் பொடிக்கு அந்த வழி வேண்டாம். சுண்ணாம்பின் காரத்தன்மையில் நிறம் மஞ்சள் பழுப்பாகும், பொடி உப்பும் தன்மையும் போகும், வெற்றிலைச் சுண்ணாம்பு உணவுச் சேர்க்கைத் தரமும் இல்லை. பிழிவது ரொம்பவே முரண்டு பிடித்தால் கடைசிக் கழுவல் நீரில் லிட்டருக்கு 1 கிராம் உணவுத் தரக் கால்சியம் குளோரைடு சேர்க்கலாம். தண்ணீர் பிடிப்பதில் கொஞ்சம் இழப்பு உண்டு என்று தெரிந்தே செய்யுங்கள்.

பெரிய கம்பெனிகள் ஆல்கஹாலில் கழுவித் தண்ணீரை எடுக்கிறார்கள். அவர்கள் பொடி அவ்வளவு வெள்ளையாகவும் உப்பலாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உரிமமும் தீப்பாதுகாப்பும் ஆல்கஹாலை மீட்டெடுக்கும் அமைப்பும் இல்லாமல் சிறிய யூனிட்டில் அதைத் தொடக் கூடாது.

உலர்த்தல்

பிழிந்த கட்டியைக் கையால் உதிர்த்து, தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ. 80க்கு 40 சென்டிமீட்டர் தட்டு என்றால் ஒரு தட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி, ஆக 10 அல்லது 11 தட்டு. டிரையரை 60 டிகிரியில் வைத்து, ஈரக்காற்று வெளியேறும் வழியை முதல் இரண்டு மணி நேரம் முழுதாகத் திறந்து வையுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றிக் கட்டிகளை உதிர்த்துவிட வேண்டும். 7 முதல் 9 மணி நேரத்தில் உலரும்.

65 டிகிரியைத் தாண்டாதீர்கள். சீக்கிரம் முடிக்கலாம் என்று 80க்கு ஏற்றினால் மேல்பரப்பு இறுகி உள் ஈரம் மாட்டிக்கொள்ளும், மிச்சச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறும். அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. அதிகச் சூட்டில் நாரின் நுண்துளைகள் இடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அவை திறப்பதில்லை.

திறந்த வெயிலில் காயவைப்பது தூசிக்கும் ஈக்கும் அழைப்பு, நிறமும் மங்கும். மூடிய சூரிய உலர்த்தி இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை நாளில் முடியும். ஆனால் முதல் நாள் மாலையில் பாதி உலர்ந்த தோலை அப்படியே இரவு விட்டால் பூஞ்சை பிடிக்கும். கூடவே மின் டிரையர் இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கவே வேண்டாம்.

உலர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? துண்டை ஒடித்தால் 'டக்' என்று சத்தத்தோடு உடைய வேண்டும், வளையக் கூடாது. கணக்காகப் பார்க்க 10 கிராம் எடுத்து 105 டிகிரி அவனில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். 0.8 கிராமுக்கு மேல் குறைந்தால் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டுகிறது, இன்னும் ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டும். அரைத்துச் சலிப்பதற்கு முன்னான இந்தக் கட்டத்தில் மொத்த எடை 2.7 கிலோவுக்கு அருகில் வந்திருக்கும்.

அரைத்தல், சலித்தல்

முழுதாக ஆறிய பின்புதான் அரைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அரைத்து மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். பல்வரைசரில் அரை மில்லிமீட்டர் சல்லடைத் தகடு போட்டு அரைத்து, 60 மெஷ்ஷில் சலியுங்கள். மேலே நின்றதை மறுபடி ஒருமுறை அரைக்கலாம். இன்னும் நைஸாக, 100 மெஷ், 120 மெஷ் என்று போகும் ஆசை வரும். நாவில் மென்மையாக இருக்கும்தான், ஆனால் ரொம்ப நொறுக்கினால் நாரின் பஞ்சுத்தன்மை சிதைந்து தண்ணீர் தாங்குவது குறையும். ரொட்டி, பிஸ்கெட்டுக்கு 60 போதும். ஐஸ்கிரீம், பானங்களுக்கு மட்டும் 100.

தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைக்காதீர்கள். முன்னால் அரைத்த மிளகாயின் வாடை ஒட்டும். கோதுமையும் கடுகும் கலந்த பொடியை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எப்படி விற்பது?

பொடி காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். அரைத்த அரை மணி நேரத்துக்குள் அலுமினியம் லேமினேட் பையில் போட்டு சீல் வைத்துவிடுங்கள். சாதாரண பாலித்தீன் பையில் கடற்கரை ஊர்களில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

பொடியைச் சோதிப்பது

5 கிராம் பொடியை 150 மில்லி தண்ணீரில் கலக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து எடை பார்த்து, வடிகட்டியில் விரித்து அதில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் வடியட்டும், அழுத்த வேண்டாம். துணியோடு எடை போட்டுத் துணியின் எடையைக் கழியுங்கள். வந்ததில் 5ஐக் கழித்து 5ஆல் வகுத்தால் ஒரு கிராம் பொடி எத்தனை கிராம் தண்ணீர் தாங்குகிறது என்று தெரியும். 8க்கு மேல் வந்தால் சரக்கு தேறியது. கழுவாமல் அரைத்த தோல் பொடி ஏறக்குறைய இதில் பாதிதான் காட்டும். ஆய்வகத்தில் சுழற்றிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் அவர்கள் எண் உங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும், பதற வேண்டாம்.

எண் குறைந்தால் தேட வேண்டிய இடம் மூன்று: டிரையர் சூடு, போர் தண்ணீர், அளவுக்கு மீறிய கொதி. மணல்போல நெறுநெறுத்தால் விதையோ காம்போ கலந்திருக்கிறது. புதிதாக இருக்கையில் நல்ல வாசனையும் இரண்டு மாதத்தில் டர்பன்டைன் வாடையும் வந்தால் தோல் எண்ணெய் மிஞ்சிக் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கிறது. அடுத்த ஈட்டில் மஞ்சள் படலத்தைச் சுரண்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எதில் எவ்வளவு போடலாம்

ரொட்டிக்கு ஒரு கிலோ மைதாவுக்கு 30 கிராம் பொடி, கூடுதலாக 150 மில்லி தண்ணீர். தண்ணீர் கூட்டாமல் பொடியை மட்டும் போட்டால் மாவு இறுகி ரொட்டி எழும்பாது. 'பொடி சரியில்லை' என்று பேக்கரிக்காரர் சொல்லும் புகாரில் பெரும்பாலானவை இதனால் வருபவை. ஆகவே தண்ணீர் அளவைப் பாக்கெட் மேலேயே அச்சடித்துக் கொடுங்கள். 5 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் கூட்டினாலும் ரொட்டியின் உயரம் குறையும். பிஸ்கெட்டில் 50 கிராம்வரை போகலாம், அதற்குத் தண்ணீர் மூன்று மடங்கு போதும், மேலே போனால் மொறுமொறுப்பு கெடும். சப்பாத்தி மாவில் 20 கிராம் சேர்த்தால் ஆறிய பின்னும் மிருதுவாக இருக்கும், லேசான ஆரஞ்சு வாசம் பிடிக்காதவர்கள் முகம் சுளிப்பார்கள். இறைச்சி உருண்டை, கட்லெட்டில் 1 முதல் 2 சதவீதம் சேர்த்தால் வறுக்கும்போது சாறு ஒழுகாது. என் மதிப்பில் இந்தப் பொடிக்கு மிகப் பொருத்தமான இடம் அதுதான். மசாலா வாசனையில் தோல் வாசம் அடங்கிவிடும்.

பாக்கெட்டில் என்ன எழுதலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி 100 கிராம் உணவில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'நார்ச்சத்து உள்ளது' என்றும், 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து மிகுந்தது' என்றும் போடலாம். மேலே சொன்ன பிஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் பொடியில் நார்ச்சத்து 70 சதவீதம் என்று வைத்தால் 35 கிராம், மீதி 950 கிராம் மைதாவிலிருந்து 25 கிராம் சொச்சம். சர்க்கரை, கொழுப்பு சேர்ந்து சுட்டபின் மொத்தம் ஒன்றே முக்கால் கிலோ பிஸ்கெட் வரும். நூறு கிராமுக்கு மூன்றரை கிராம். முதல் வாசகம் தகும், இரண்டாவது தகாது. பொடியின் 70 சதவீதம் என்ற எண்ணையும் நீங்களாக எழுதிவிட முடியாது. நார்ச்சத்தை அளப்பதற்கான ஏ.ஓ.ஏ.சி. 991.43 என்ற சர்வதேச முறையில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த சான்று வேண்டும். சோதனைக்கும் பயிற்சிக்கும் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தையும் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) அணுகலாம். பூச்சிமருந்து எச்சத்துக்கும் சேர்த்தே மாதிரி கொடுத்துவிடுங்கள். பயிரில் தெளிப்பது எல்லாம் முதலில் படுவது தோலில்தான்.

கழிவு நீர்

20 கிலோ தோலுக்கு 160 லிட்டர் தண்ணீர் வெளியே வரும். தோலை முக்கி எடுத்த நீரும் முதல் கழுவல் நீரும் சர்க்கரை கொண்டவை. சாக்கடையில் விட்டால் ஒரே நாளில் நாறும், ஈ மொய்க்கும். சாண எரிவாயுக் கலனில் ஊற்றலாம் என்று தோன்றும். அளவோடு செய்யுங்கள், ஏனென்றால் தோல் எண்ணெய் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்து மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்துவிட்டு, கலனுக்குப் போகும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். வாயு குறைந்தால் நிறுத்திவிட வேண்டும். கலன் இல்லாதவர்கள் சுண்ணாம்புத் தெளிவு நீரால் புளிப்பை முறித்து மட்கு உரக் குழியில் தெளிக்கலாம். இரண்டாம், மூன்றாம் கழுவல் நீர் தென்னைக்குப் போகலாம், ஒரே மரத்தடியில் தினமும் ஊற்றாமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் சரி.